முள்ளைச் சூழ்ந்த காவலர்

வல்வெட்டித்துறைக் கரையில் வலையோடு சிக்கிவரும் நட்சத்திர மீனை எவரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடி போன்ற அதன் குடம்பிக்குள் மருத்துவத்தின் பேருண்மை ஒன்றைக் கண்டவர் இலியா மெச்னிகோவ்.

1845இல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அண்மையில் பிறந்த அவர், 1882இல் இத்தாலியின் மெசீனாக் கடற்கரையில் தங்கி ஆய்வு நடத்தினார். குடம்பியின் உடலில் ரோஜா முள்ளொன்றைச் செருகினார். மறுநாட் காலை, நகரும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. பகையை விழுங்கி உடலைக் காப்பவை இத்தின்குழியங்களே என அவர் உணர்ந்தார். குருதிநீரிலேயே காவல் உள்ளதென நம்பிய ஜெர்மானிய அறிஞர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். அவர் தளரவில்லை. 1888 முதல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். மாற்றுக் கருத்தினரான போல் ஏர்லிக்குடன் 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். 1916இல் மறைந்தார்.

அவர் காணாத ஒன்றை இன்றைய அறிவியல் காட்டுகிறது. முதிய ஆண்களைத் தாக்கும் புரொஸ்டேட் புற்றுக்கட்டியினுள்ளும் தின்குழியங்கள் திரள்கின்றன. ஆனால் அவற்றுட் பலவற்றைக் கட்டி வசப்படுத்தித் தன் வளர்ச்சிக்கே ஏவல்கொள்கிறது. காவலனே கள்வனுக்குக் கதவு திறக்கும் நிலை இது. நோயாளியின் சொந்த நிர்ப்பீடனக் கலங்களைப் பழக்கி மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2010இல் அனுமதி வழங்கியது. அது ஆயுளை நீட்டுமேயன்றி, முற்றிய நோயை நீக்குவதில்லை.

எச்சமயத்தவராயினும், சிறுநீர்த் தொல்லையைக் கூச்சத்தால் மறைக்கும் முதியோர் நம்மிடையே பலர். அவர்களைக் காலத்தே வைத்தியரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடன்.