புறாக் கூட்டில் படித்த டார்வின்

சார்ள்ஸ் டார்வின் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கலாபகோஸ் தீவுகளும் அங்குள்ள குருவிகளின் அலகுகளும்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் 1859 இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தைத் திறந்தால் அங்கே நிற்பது புறா. மனிதர் கூடு கட்டி, தீனி போட்டு வளர்க்கிற புறா. அந்தக் குருவிகளைத் தன் வாதத்துக்கு உதாரணமாக அவர் நூலில் விரித்துச் சொல்லவில்லை. புறாக்களுக்கோ பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார். காரணம் எளிது. அவர் புறா வளர்த்தவர்.

எங்கள் பக்கத்தில் புறா வளர்க்கிற பொடியனுக்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. படிப்பில் கவனமில்லாதவன், வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிறவன் என்று பெரியவர்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். டார்வினின் தகப்பனாரும் ஏறக்குறைய இதையேதான் மகனிடம் சொன்னார். வேட்டையும் நாயும் எலி பிடிப்பதும் தவிர வேறொன்றிலும் அக்கறையில்லாத பிள்ளை, குடும்பத்துக்கு அவமானமாகப் போகிறான் என்பது அவருடைய கவலை.

டார்வின் பிறந்தது 1809 பெப்ரவரி 12 இல், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில். தகப்பனார் பேர்பெற்ற வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டுமென்று 1825 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே விரிவுரைகள் மகனுக்குச் சலிப்பூட்டின. மயக்க மருந்து இல்லாத காலத்துச் சத்திரசிகிச்சையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். ஆனால் அந்த நகரில் ஒருவரிடம் ஆசையோடு பாடம் கேட்டார். அவர் பெயர் ஜோன் எட்மன்ஸ்டன். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மனிதர். பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தும் கலையைப் பணம் கொடுத்து அவரிடம் படித்தார் டார்வின். பட்டமும் பதவியும் இல்லாதவரிடம் போய் உட்கார்ந்து கற்கும் பழக்கம் அவருக்குப் பதினாறு, பதினேழு வயதிலேயே வந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உலகறிந்த கதை. கேம்பிரிட்ஜ் படிப்பு, 1831 டிசம்பரில் 'பீகிள்' கப்பல் பயணம், 1836 ஒக்டோபரில் ஊர் திரும்பல். 1839 இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். 1842 இல் லண்டனை விட்டு, கென்ட் பகுதியில் டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். உயிரினங்கள் மாறிக்கொண்டே வருகின்றன, இயற்கை அவற்றில் சிலதைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்து அப்போதே அவரிடம் இருந்தது. ஆனால் இயற்கையின் தேர்வு மிக மெதுவானது. ஒரு மனித ஆயுளில் கண்ணால் காண முடியாது. அதை எப்படி நம்பவைப்பது?

மனிதர் செய்யும் தேர்வைக் காட்டலாம் என்பது அவர் கண்ட வழி. பறவையியலாளர் வில்லியம் யாரல் கொடுத்த ஊக்கத்தில் 1855 இல் டவுன் வீட்டில் புறாக்கூடு கட்டினார். ஊதிய பலூன் போலத் தொண்டையைப் புடைத்துக்கொண்டு நிற்கிற புறா, மயில் போல வாலை விரிக்கிற விசிறிவால், பறக்கும்போதே பின்பக்கமாகக் கரணம் அடிக்கிற புறா, கழுத்து இறகுகளை முக்காடு போலப் போட்டிருக்கிற புறா என்று கிடைத்த சாதிகளையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். வீட்டில் மகள் ஹென்றியெற்றாவுக்கு அவை செல்லப் பறவைகளாயின.

கூடு கட்டினால் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். லண்டனில் அப்போது புறா வளர்ப்போர் சங்கங்கள் இருந்தன. அவற்றில் இரண்டில் சேர்ந்தார். சாராயக் கடையின் புகைக்குள், பலதரப்பட்ட தொழில் செய்கிற மனிதர்கள் நடுவே உட்கார்ந்து, ஒரு பறவையின் அலகையும் கண் வளையத்தையும் பற்றி அவர்கள் வாதாடுவதைக் கேட்டார். ஒருமுறை புறா வளர்ப்பவர் ஒருவர், சாப்பாடு முடிந்ததும் டார்வினின் கையில் மண் சுங்கானைச் சர்வசாதாரணமாகக் கொடுத்துவிட்டாராம். இதையெல்லாம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கையாகச் சொல்கிறார். கோழி, புறா வளர்ப்பில் நிபுணரான வில்லியம் டெகெற்மயருடன் தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது.

அந்த மனிதர்களிடம் அவர் கற்றது கண். சாதாரண ஆளுக்குத் தெரியாத மிகச் சிறிய வித்தியாசத்தை நல்ல வளர்ப்பாளர் ஒரே பார்வையில் பிடிப்பார். அந்த வித்தியாசமுள்ள சோடியைச் சேர்ப்பார். குஞ்சுகளில் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பார். அக்காலத்தின் புகழ்பெற்ற வளர்ப்பாளர் சர் ஜோன் செப்ரைட், எந்த இறகையும் மூன்று ஆண்டில் உருவாக்கிவிடலாம், தலைக்கும் அலகுக்கும்தான் ஆறு ஆண்டு வேண்டும் என்று சொல்வாராம். சாதாரண புறாவின் வாலில் 12 அல்லது 14 இறகுகள். விசிறிவாலில் 30, 40 கூட இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு இறகாகத் தேர்ந்து சேர்த்ததன் விளைவு அது.

ஆனால் அந்த வளர்ப்பாளர்களே ஒரு விடயத்தில் டார்வினுடன் உடன்படவில்லை. ஒவ்வொரு சாதியும் வெவ்வேறு காட்டுப் பறவையிலிருந்து வந்தது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. வேறுபாடுகளோடு அன்றாடம் பழகிப் பழகி, அவை சிறுகச் சிறுகச் சேர்ந்தவை என்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. டார்வின் கறுப்பு பார்ப் சாதிப் புறாவையும் வெள்ளை விசிறிவாலையும் சேர்த்தார். பிறந்தவை கறுப்பும் மண்ணிறமும் கலந்தவை. அவற்றைத் திரும்பவும் தமக்குள் சேர்த்தபோது, பேரப்பிள்ளைகளில் ஒன்று நீலச் சாம்பல் நிறத்தில், வெள்ளை இடுப்போடும் சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடும் வந்தது. காட்டு மாடப்புறாவின் நிறம் அது. பாட்டன் பாட்டியிடம் இல்லாத நிறம் பேரனிடம் வந்ததென்றால், அது அவர்களுக்கும் முந்திய பொது மூதாதையரின் நிறம். எல்லாச் சாதியும் மாடப்புறாவின் பிள்ளைகளே என்பதற்கு இதை அவர் முக்கிய சான்றாக வைத்தார்.

சான்றுகள் நம் பக்கமிருந்தும் போயின. சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்த வோல்டர் எலியட் அங்கிருந்து புறாத் தோல்களை அனுப்பிவைத்தார். அக்பரின் அரசவை இடம்பெயரும்போது 20,000 புறாக்கள் கூடப் போயின என்ற செய்தியையும் டார்வின் தேடி எடுத்து நூலில் சேர்த்தார்.

இந்தப் பொழுதுபோக்குக்கு விலையும் இருந்தது. சாதி வேறுபாடுகள் எந்த வயதில் தோன்றுகின்றன என்று அறிய, பத்து நாள் வயதான குஞ்சுகளை அவர் கொல்ல வேண்டியிருந்தது. கொடிய செயலைச் செய்துவிட்டேன் என்ற தொனியில் உறவினர் பொக்ஸுக்கு எழுதினார். வலியில்லாமல் விரைவாகச் சாகும் வழி எதுவென்றும் தேடினார். எலும்புக்காக உடல்களை அவித்தபோது எழுந்த நாற்றம் அவரைக் குமட்டவைத்தது. வளர்ப்பாளர்களின் ஆசைக்குப் பறவைகள் கொடுத்த விலையையும் அவர் பதிவு செய்தார். குட்டை அலகுக் கரணப் புறாவில் நல்ல சாதி என்று பேரெடுத்தவற்றின் குஞ்சுகள் பல, முட்டையை உடைக்க முடியாமல் உள்ளேயே சாகும். வளர்ப்பவர் கையால் ஓட்டை உடைத்து உதவ வேண்டும்.

அந்த அறிவு கூட்டோடு நின்றுவிடவில்லை. எம்மா, டார்வினின் தாயாருடைய சகோதரரின் மகள். நம் முறைப்படி சொன்னால் அவர் கட்டியது மச்சாளை. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். பத்து வயது அனியின் மரணம் அவரை உலுக்கியது. நெருங்கிய இரத்தத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்தால் பறவைகள் வலுவிழக்கும் என்பது வளர்ப்பாளர்களின் அனுபவம். தன் பிள்ளைகளின் நோய்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணம் அவரை வாட்டியது. 1871 குடிசன மதிப்பில் உறவுத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க அவர் முயன்றார். பாராளுமன்றம் மறுத்துவிட்டது. மச்சான் மச்சாள் திருமணம் இன்றும் வழக்கிலுள்ள சமூகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, அந்தத் தகப்பனின் பயம் எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

1858 ஜூனில் வொலஸின் கடிதம் வந்தது. தன் கருத்தையே இன்னொருவரும் கண்டடைந்துவிட்டார் என்று டார்வின் அறிந்தார். அதே மாதம் கடைசிக் குழந்தை சார்ள்ஸ் வோரிங் செங்காய்ச்சலில் இறந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 24 அன்று நூல் வெளிவந்தது. அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதியைப் படித்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பதிப்பாளருக்கு ஓர் ஆலோசனை சொல்லியிருந்தார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதட்டும், அதைத்தான் எல்லோரும் வாங்குவார்கள் என்று. டார்வின் கேட்கவில்லை. ஆனாலும் 1868 இல் வெளிவந்த அடுத்த பெருநூலில் புறாவுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் எழுதினார். சங்கங்களில் சந்தித்த வளர்ப்பாளர்களின் பெயர்களைப் பேராசிரியர்களின் பெயர்களுக்குப் பக்கத்திலேயே, அதே மரியாதையோடு குறிப்பிட்டார்.

1882 ஏப்ரல் 19 இல் டார்வின் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் கொடுத்த புறாத் தோல்களும் எலும்புகளும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பறவைகளை எப்படிப் பார்க்க வேண்டுமென்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் சாராயக் கடை மேசையைச் சுற்றி இருந்த மனிதர்கள். நம் ஊர்களிலும் எந்தச் சோடி எந்த நிறத்தில் குஞ்சு பொரிக்கும் என்று கூரையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய் எதுவும் கேட்பதில்லை.