அறுந்த கயிறு

மெட்டீரியல்ஸ் லேபில் ஒரு கம்பியை மெஷினில் மாட்டி, அது அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்த்திருப்பீங்க. ரீடிங் எழுதி, கையெழுத்து வாங்கிட்டா நம்ம வேலை முடிஞ்சது. ஆனா அறுந்த ஒரு கயிற்றை 46 வருஷம் மனசில் சுமந்த ஒருத்தர் இருந்தார். பேர் எட்வர்ட் விம்பர்.

1840-ல் லண்டனில் பிறந்தவர். புத்தகங்களுக்காக மரக்கட்டையில் படம் செதுக்குவது தொழில். ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து வரச் சொல்லி 1860-ல் ஒரு பதிப்பாளர் அனுப்பினார். போன இடத்தில் மேட்டர்ஹார்ன் அவரைப் பிடித்துக்கொண்டது. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரப் பாறை. அதுவரை யாரும் உச்சியைத் தொட்டதில்லை.

பல முறை முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றார். 1862-ல் தனியாக இறங்கும்போது சறுக்கி, சுமார் 60 மீட்டர் உருண்டு, தலையில் அடிபட்டுத் தப்பினார். மனுஷன் அதோட நிறுத்தினாரா? இல்லை!

1865 ஜூலையில், அவர் நம்பியிருந்த இத்தாலிய வழிகாட்டி கரேல், தன் நாட்டுக் குழுவோடு மலையேறக் கிளம்பிவிட்டார். விம்பர் அவசரமாக சுவிஸ் பக்கம் ஓடி, கிடைத்தவர்களைச் சேர்த்தார். மொத்தம் ஏழு பேர். மிஷெல் குரோ என்ற கெட்டிக்கார வழிகாட்டி, டவ்க்வால்டர் என்ற அப்பாவும் மகனும், ஹட்சன், டக்ளஸ், அப்புறம் அனுபவம் குறைந்த 19 வயசு ஹேடோ. கிட்டத்தட்ட நம்ம வயசு.

ஜூலை 14, மதியம். உச்சி! கரேல் குழு இன்னும் வெகு கீழே இருந்தது. ஜெயிச்சாச்சு.

இறங்க ஆயத்தமாகி மற்றவர்கள் கயிறு கட்டும்போது விம்பர் படம் வரைந்துகொண்டிருந்தார். எந்த ஆளுக்கு எந்தக் கயிறு என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹேடோவின் கால் வழுக்கியது. அவர் மோதி குரோ விழுந்தார். ஹட்சனும் டக்ளஸும் கூடவே இழுபட்டார்கள். மேலே இருந்த மூவரும் பாறையைப் பிடித்து நின்றார்கள். டக்ளஸுக்கும் பெரிய டவ்க்வால்டருக்கும் நடுவில் கயிறு அறுந்தது. நாலு பேர் ஆயிரம் மீட்டருக்கும் மேல் விழுந்து இறந்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது: கொண்டுபோன மூன்று வகைக் கயிறுகளில், அறுந்தது இருப்பதிலேயே பலவீனமானது. ஆளைக் கட்டவே எடுத்துப்போகாதது. பெரிய டவ்க்வால்டர் வேணும்னே அதைக் கட்டினார் என்று ஊர் பேசியது. விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று முடிவானது. பேச்சு மட்டும் அடங்கவில்லை.

விம்பர் அதன்பிறகும் மலையேறினார். 1880-ல் ஈக்வடாரின் சிம்போராசோ உச்சியை முதன்முதலாகத் தொட்டபோது பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? பழைய போட்டியாளர் கரேல்! அந்தக் கரேல் 1890-ல், புயலில் மாட்டிய தன் குழுவை மேட்டர்ஹார்னிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டு, களைத்து விழுந்து இறந்தார். விம்பர் 1911-ல் ஷமோனியில் காலமானார். குரோ பிறந்த பள்ளத்தாக்கு அது.

அந்தக் கயிற்றுத் துண்டு இன்றும் செர்மாட் ஊர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கு. நல்ல கயிறும் அன்னைக்குக் கையில் இருந்துச்சுங்கிறதுதான் வலிக்குது. அடுத்த தடவை ப்ராஜெக்ட் முடிஞ்ச சந்தோஷத்தில் கடைசி செக்கிங்கை விட்டுடலாம்னு தோணினா, ஒரு நிமிஷம் நில்லுங்க. முடிச்சு யார் போட்டாங்கன்னு போய்ப் பாருங்க.