அலெக்சாந்திரியாவிலிருந்து மதுரையைக் குறித்தவர்

சங்க கால வாணிபத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூல் எதைப் புரட்டினாலும் தாலமி என்ற பெயர் ஓரிடத்திலாவது தலைகாட்டும். ஆனால் அவர் யார் என்று கேட்டால் சொல்லக்கூடியது சொற்பமே. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தார், கிரேக்க மொழியில் எழுதினார், கி.பி. 127 முதல் 141 வரை வானத்தை நோக்கிக் குறிப்பெடுத்தார். பெற்றோர், மனைவி மக்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களுக்கும் இவருக்கும் உறவில்லை. அது தெரியாத பிற்கால ஐரோப்பிய ஓவியர்கள் இவர் தலையில் கிரீடம் சூட்டிவிட்டார்கள்!

பூமியை நடுவில் நிறுத்தி இவர் எழுதிய வானநூல் சுமார் 1,400 ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. நமக்கு முக்கியமானது இவருடைய பூகோள நூல். எட்டுப் பாகங்கள், ஏறக்குறைய 8,000 இடப்பெயர்கள். பெரும்பாலான இடங்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்களில் தந்திருக்கிறார். படத்தைப் பார்த்துப் படம் வரைந்தால் ஒவ்வொரு நகலிலும் பிழை கூடும். எண்கள் இருந்தால் யாரும் புதிதாக வரையலாம் என்பது அவர் கணக்கு.

இந்தியாவுக்கு அவர் வந்ததாகத் தெரியவில்லை. தமக்கு முந்திய மரினஸ் என்பவரின் நூலையும், வணிகர்களின் வாய்மொழியையும் நம்பினார். நம்மவர் பலர் வாழும் மும்பைக்குத் தெற்கே உள்ள சவுல் துறைமுகத்தை மரினஸ் சிந்து நதிக்கு மேற்கே தள்ளியிருந்தார். அங்கே போய்த் தங்கி வந்தவர்களின் சொல்லை வைத்து தாலமி அதைத் திருத்தினார். பைத்தானில் புலுமாவியும் உஜ்ஜயினியில் சஷ்டனனும் ஆண்டதைக் குறித்தார். அந்த இருவரின் காலத்தைக் கணிக்கச் சரித்திர ஆசிரியர்களுக்கு இது பெரிய உதவி. முசிறி, குமரி, முத்துக் குளிக்கும் கொற்கை, பாண்டியர் மதுரை, காவிரிப்பூம்பட்டினம் எல்லாம் அவர் பட்டியலில் உண்டு.

இத்தனை ஊர்களை அறிந்தவர், நாட்டின் வடிவத்தில் கோட்டை விட்டார். அவர் கணக்கின்படி வரைந்தால் நமது மேற்குக் கரை தெற்கே இறங்காமல் கிழக்கே ஓடுகிறது, தீபகற்பமே காணோம். இலங்கையோ பூதாகாரமாக நிற்கிறது. இந்து மகாசமுத்திரத்தைச் சுற்றிலும் நிலத்தால் அடைத்து ஏரியாக்கிவிட்டார். பூமியின் சுற்றளவு 2,52,000 ஸ்டேடியா என்று எரட்டோஸ்தனிஸ் முன்பே கணித்திருக்க, இவர் 1,80,000 என்ற சிறிய அளவை ஏற்றார்.

நூல் பல நூற்றாண்டுகள் மேற்கு ஐரோப்பாவின் கண்ணில் படவில்லை. சுமார் 1295-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிளானூடஸ் என்ற துறவி ஏட்டைத் தேடிப் பிடித்தார். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது லத்தீனுக்குப் பெயர்ந்தது. 1475-ல் இத்தாலியின் விசென்சாவில் படமில்லாமல் அச்சாயிற்று. 1477-ல் பொலோனியாவில் செப்புத் தகட்டில் செதுக்கிய 26 படங்களுடன் வந்தது. அந்தப் பதிப்பில் ஆண்டை 1462 என்று தவறாக அச்சிட்டதால் பிற்காலத்தில் பெருங்குழப்பம்! அச்சுப் பிழை இன்று நேற்று வந்ததல்ல. 1478-ல் ரோமிலும் 1482-ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலும் பதிப்புகள் தொடர்ந்தன. உல்ம் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை.

ரோம் பதிப்பின் பிரதி ஒன்று கொலம்பஸிடம் இருந்தது. மேற்கே போனால் ஆசியா அதிக தூரமில்லை என்று அவர் துணிந்ததில் தாலமியின் சிறிய பூமிக்கும் பங்குண்டு.

1488-ல் டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். தாலமி அடைத்த கடல் திறந்துகொண்டது. 1513-ல் ஸ்ட்ராஸ்பர்க் பதிப்பாளர்கள் பழைய படங்களோடு புதிய படங்களையும் சேர்த்தார்கள். 1578-ல் மெர்கேட்டர் பழைய படங்களை மட்டும் அழகாகச் செதுக்கி வெளியிட்டார். கப்பலோட்டிகளுக்காக அல்ல, பண்டைய நூல்களைப் படிப்பவர்களுக்காக.