வெப்ப ஓட்டம் கணித்த அறிஞர்

தஞ்சை வளநாட்டில் இல்லந்தோறும் அடுப்பில் உலை கொதிக்கும். காவிரி பாய்ந்து விளைந்த நெல்லின் அரிசி அதில் வேகும். மூடியைத் திறந்து நோக்குவோர் ஒரு காட்சியைக் காண்பர். அடியில் சூடேறிய நீர் மேலே எழுகின்றது; மேலே வந்து சற்றுக் குளிர்ந்த நீர் கீழே இறங்குகின்றது; அரிசியும் அதனோடு சுழன்று வருகின்றது. வெப்பத்தால் நீரிலும் காற்றிலும் தோன்றும் இவ்வியக்கத்தை வெப்பச்சலனம் என்பர். அறுவடை முடிந்த வயல்வெளியின்மேல் கோடைக் காற்று நெளிந்து எழுவதும், வெயிலில் காய்ந்த வீட்டுச் சுவரை ஒட்டிக் காற்று மேல்நோக்கிச் செல்வதும் இதனாலேயாம்.

இக்காட்சியை நாள்தோறும் காண்போர் பலர். ஆயினும், அவ்வியக்கம் எந்நிலையில் தொடங்கும் என்று கணக்கிட்டுக் கூறுதல் எளிதன்று. அப்பணியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்த பேரறிஞர் ஒருவர், தஞ்சை மண்ணில் வேரூன்றிய குடியில் தோன்றினார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவருடைய முன்னோர் தஞ்சை வட்டாரத்தில் நிலம் உடையோராய் வாழ்ந்தவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகைவண்டித் துறையில் கணக்கு அலுவலராய்ப் பணியாற்றினார். அதனால் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தாயார் சீதாலட்சுமி அம்மையார், இப்சன் என்னும் நார்வே நாட்டுப் புலவரின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த பெருமை உடையவர். 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தந்தையார். இளமையில் வீட்டிலேயே கல்வி கற்ற சந்திரசேகர், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930இல், இருபது வயதும் நிரம்பாத நிலையில், மேற்படிப்பிற்காக இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறினார். அலைகடலின் நடுவே அவர் உள்ளம் விண்மீன்களை நாடியது. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் வெண்குறுமீனாய் நிலைபெறுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லையாகும்.

1935ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள், இலண்டன் மாநகரில் வானியல் அறிஞர் கூடிய அவையில் இம்முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன் என்னும் பெரும்புகழ் வானியலார். அவர் இளைஞரின் முடிவை எள்ளி மறுத்தார், அவை நகைத்தது. அறிஞர் சிலர் உள்ளத்தளவில் சந்திரசேகரின் பக்கமே நின்றனர். ஆயினும், வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. விண்மீனைக் கைக்கெட்டும் தொலைவில் கொணர்ந்து ஆராய இயலுமோ? காலம் ஒன்றே தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

சந்திரசேகர் வெகுளவில்லை, வீணே வழக்காடிக் காலத்தைக் கழிக்கவும் இல்லை. தம் கணக்கை ஒரு நூலில் முறையாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறையை மேற்கொண்டார். 1937இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், ஒரு துறையிற் புகுந்து பல்லாண்டு உழைப்பதும், நூலொன்றை எழுதி முடித்தபின் அடுத்த துறையை நாடுவதும் வழக்கமாகக் கொண்டார்.

அவ்வாறு 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கையேற்றதே நீர்மங்களின் வெப்பச்சலனம். கீழே சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் உள்ள நீர்மத்தில், வெப்பம் அதனை மேலே எழச் செய்ய முயலும். நீர்மத்தின் பிசுபிசுப்பும், வெப்பம் தானே பரவிப்போகும் இயல்பும் அதனைத் தடுக்கும். எழுப்பும் ஆற்றலுக்கும் தடுக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தை இரேலி எண் என்பர். இரண்டு திண்ணிய தட்டுகளுக்கு இடையே அவ்வெண் ஏறத்தாழ 1708ஐ எட்டும்போது ஓட்டம் தொடங்கும். நீர்மம் சுழலுமாயின் என்ன ஆகும்? அதனூடே காந்தப் புலம் பரவுமாயின் என்ன ஆகும்? சந்திரசேகர் ஆராய்ந்த வினாக்கள் இவையே. தனித்தனியே இரண்டும் ஓட்டத்தைத் தடுப்பவை. ஒருங்கே செயற்படும்போதோ சில நிலைகளில் ஒன்றின் தடையை மற்றொன்று தளர்த்தும் என்று அவர் கண்டார்.

இக்கணக்குகளுக்கு எண்ணிறந்த பெருக்கல்களும் வகுத்தல்களும் வேண்டியிருந்தன. மேசைமீது வைத்து இயக்கும் கணக்குப் பொறியைக்கொண்டு, 1948 முதல் அவற்றைச் செய்து உதவியவர் டோனா எல்பர்ட் என்னும் பெண்மணி. சந்திரசேகர் அவர் உழைப்பை மறைத்தாரல்லர். கட்டுரைகள் பலவற்றில் தம் பெயரோடு அவர் பெயரையும் பொறித்தார்; நூலின் அடிக்குறிப்புகளிலும் அவர் கண்டதை அவருடையது என்றே எழுதினார். அத்தகைய குறிப்பொன்றைக் கண்ட பின்னாளைய ஆய்வாளர், 2022இல் அதனை எல்பர்ட்டின் பெயராலேயே வழங்கலாயினர்.

இம்முறை தீர்ப்பிற்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகத்தில் ஃபுல்ட்சு, நாகாகவா என்போர் பாதரசத்தைக் கலத்திலிட்டுச் சுழற்றியும், பெருங்காந்தத்தின் இடையே வைத்தும் சூடேற்றினர். கணக்கு முன்னரே உரைத்தவாறு பாதரசத்தில் ஓட்டம் தோன்றியது. அவையில் நகைக்கப்பட்டவரின் வேறொரு கணக்கிற்கு, ஆய்வுக்கூடத்துப் பாதரசம் சான்று கூறியது. அவ்வாராய்ச்சி முழுவதையும் 1961இல் பெருநூலாக வெளியிட்டார்.

இன்று கட்டடம் எழுப்புவோர், அதன் புறச்சுவரில் காற்று எவ்வாறு மோதும், வெயிலின் வெப்பம் எவ்வாறு பரவும் என்பவற்றைக் கணிப்பொறியில் முன்னரே கணித்துப் பார்க்கின்றனர். உழவர் வயலை வரப்பிட்டுப் பிரித்து, மடைதோறும் வரும் நீரையும் போகும் நீரையும் நோக்குவர். அதுபோலப் பொறியும் காற்று வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் விரைவையும் வெப்பத்தையும் கணக்கிடுகின்றது. சந்திரசேகர் கையாண்ட அடிப்படை விதிகளே அங்கும் பயன்படுகின்றன. பொறி தரும் விடை பொருந்துமா என்று அறிய, கணக்காலும் ஆய்வாலும் உறுதிபெற்ற 1708 போன்ற எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு.

விண்மீன் ஆராய்ச்சிக்கும் உரிய காலம் வந்தது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், தம்மை எள்ளிய எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்சில் உரையாற்றி, அவர் பெருமையை மனமுவந்து போற்றினார். 1995ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21ஆம் நாள் சிக்காகோவில் மறைந்தார்.

பிறர் நகைத்தபோது தளராமையும், துணைநின்றார் உழைப்பை மறவாமையும், தம் முடிவைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சாமையும் அவர் வாழ்க்கை காட்டும் நெறிகளாம். அடுப்பில் உலை கொதிக்கக் காணும்போதெல்லாம் அவரை நாம் நினைவு கூரலாம்.