சேலம் கண்ட பட முதலாளி
தறியோசை ஓயாத அம்மாபேட்டையில் வாழும் நாம், ஜவுளி வாணிபக் குடியிற் பிறந்து, படத்தொழிலைச் சேலத்தில் நிலைபெறச் செய்த திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் அவர்களை மறத்தல் தகாது. 1907-ம் வருஷம் பிறந்த அவர், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று, ஆங்கிலப் பெண்மணியொருவரை மணந்து மீண்டார். ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன், 1938-ல் அந்நிலையத்தாரால் வெளியிடப்பட்டது.

யுத்தம் மூண்டது. பிலிம் சுருளுக்குப் பஞ்சம் வந்தது. யுத்தத்தை ஆதரித்துப் படமெடுக்குமாறு சர்க்கார் பட முதலாளிகளை நெருக்கிற்று. விடுதலை வேட்கை மிகுந்த அந்நாளில், ஆள்வோரின் யுத்தத்தைப் புகழ்வது எவர்க்கும் சங்கடமே. சுந்தரம் 1945-ல் பர்மா ராணியை எடுத்தார். அதில் வீரர்கள் வெள்ளையரல்லர். ஜப்பானியர் வசப்பட்ட பர்மாவில் சிக்கிய இந்திய விமானிகளும், அவர்களைக் காத்த பெண்ணுமே. ஜனங்கள் வெறுக்கத்தக்க ஜப்பானிய அதிகாரி வேடத்தைப் பிறரிடம் தள்ளாது தாமே பூண்டார்.

1956-ல் அலிபாபாவும் 40 திருடர்களும் என்னும் வர்ணப் படத்தைத் தந்த அவர், 1963-ல் காலமானார். அவரது படநிலையம் இன்றில்லை. வாயில் வளைவு மட்டும் நிற்கின்றது. பிறர் ஏவிய பணியிலும் நம்மவர்க்குரிய இடத்தை விட்டுக்கொடாத அவர் உறுதியை, அவ்வழி செல்லுந்தோறும் நாம் நினைப்போமாக.