கொல்லரின் மகன் மைக்கேல் பாரடே

கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் மாலை வேளையில் நாம் நின்றால், மீன்பிடிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். குன்றின்மேல் கலங்கரை விளக்கம் நிற்கும். பொழுது சாய்ந்ததும் படகுகளில் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக விளக்குகள் ஒளிரும். நடுக்கடலில் மின்கம்பி ஏது? படகிலுள்ள பேட்டரியே அவ்வொளியைத் தருகின்றது. பேட்டரி தீர்ந்துபோகாமல் காப்பது, இயந்திரத்தோடு வார்ப்பட்டையால் இணைக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் என்னும் சிறிய மின்னாக்கி. இயந்திரம் ஓடும்போது அதுவும் சுழன்று பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு பொறியின் மூலத்தைத் தேடிச் சென்றால், இலண்டன் நகரத்து ஏழைக் கொல்லர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

மைக்கேல் பாரடே 1791 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இலண்டனின் தென்பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் இரும்படிக்கும் தொழிலாளி, அடிக்கடி நோயுற்றவர். 1801 இல் உணவுப்பொருள்களின் விலை ஏறியபோது, ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்ற கணக்கில் சிறுவன் பசியாற வேண்டியிருந்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் தவிர, பள்ளியில் அவர் வேறெதுவும் கற்கவில்லை.

பதின்மூன்று வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே நூல் கட்டும் தொழிலைப் பயிலத் தொடங்கினார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு நில்லாமல், அவற்றைப் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தவர், கைக்காசில் சிறு கருவிகள் செய்து, படித்தது மெய்தானா என்று சோதித்துப் பார்த்தார்.

1812 இல் கடைக்கு வந்த ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிலையத்தில் ஹம்பிரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்க நுழைவுச் சீட்டுகள் தந்தார். பாரடே நான்கு சொற்பொழிவுகளையும் குறிப்பெடுத்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டார். கற்ற கைத்தொழில் எப்படி உதவிற்று பாருங்கள்! 1813 மார்ச் முதல் நாள் அவர் அந்நிலையத்தின் ஆய்வு உதவியாளரானார். அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். எனினும், மின்கலத்தை ஆக்கிய வோல்டாவை இத்தாலியில் நேரில் காணும் பேறு அவருக்குக் கிட்டியது.

வோல்டாவின் மின்கலம் துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தந்தது. உலோகம் தேய்ந்தால் மின்சாரமும் நின்றுவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வேறொரு வழி வேண்டியிருந்தது. 1820 இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டட், மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டறிந்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் பெறலாகாதா என்று பாரடே எண்ணினார். இடையிடையே முயன்றும் பல ஆண்டுகள் தோல்வியே கண்டார். வளர்த்துவிட்ட டேவியே, ராயல் சொசைட்டியில் அவரை உறுப்பினராக்குவதை எதிர்த்தார். அதையும் மீறி 1824 இல் அவர் உறுப்பினரானார்.

1831 ஆகஸ்டு 29 ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சுற்றில் மின்சாரத்தைச் செலுத்தினார். மறு சுற்றோடு இணைந்த ஊசி ஒரு கணம் துடித்து, பின் ஓய்ந்தது. மின்சாரத்தை நிறுத்தியபோது மீண்டும் துடித்தது. கணப்பொழுதுத் துடிப்புதானே என்று வேறொருவர் விட்டிருக்கக்கூடும். மாற்றம் நிகழும்போது மட்டுமே மின்சாரம் பிறக்கிறது என்பதை அவர் அதிலே கண்டுகொண்டார். அக்டோபர் 17 இல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் இழுத்தும் மின்சாரம் பெற்றார். அக்டோபர் 28 இல் பெரிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றினார். சுழலும் வரையில் மின்சாரம் இடைவிடாமல் வந்தது. உலகின் முதல் மின்னாக்கி அதுவே.

1838 இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில், யாக்கோபி என்ற அறிஞர் மின்கலங்களைக் கொண்டு ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். அச்செய்தியைப் பாரடேவுக்கும் மடலெழுதித் தெரிவித்தார். நூற்றுக்கணக்கான கலங்கள் இருந்தும் படகு மெல்லத்தான் நகர்ந்தது. துத்தநாகச் செலவும் தாங்க இயலவில்லை. தீர்ந்தபின் மீண்டும் நிரப்பத்தக்க கலம் அன்று இல்லை. 1859 இல் பிரான்சின் பிளாந்தே, ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அத்தகைய கலத்தை ஆக்கினார். பாரடேயின் மின்னாக்கியும் பிளாந்தேயின் பேட்டரியும் பின்னர் ஒன்றுசேர்ந்தன.

அந்தச் சேர்க்கையைத்தான் நம் படகுகளில் காண்கிறோம். பழைய படகுகளில் டைனமோ இருந்தது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. ஆல்டர்னேட்டரோ மெல்லிய ஓட்டத்திலும் தரும். அதனுள்ளே காந்தம் சுழல, சுற்றியுள்ள செப்புச் சுருள்களில் திசைமாறும் மின்சாரம் பிறக்கிறது. பேட்டரி அதனை ஏற்காது. ஆகவே டையோடு என்னும் சிறு உறுப்புகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 14 வோல்ட் அளவில் செலுத்துமாறு சீராக்கி காத்து நிற்கும். மிகுந்தால் பேட்டரி நீர் வற்றிக் கெடும். வானொலியும் மீன்காட்டும் கருவியும் சேரச் சேரப் பெரிய ஆல்டர்னேட்டர் தேவைப்படுகிறது. அதனை மட்டும் மாற்றி, பழைய வார்ப்பட்டையையும் மெல்லிய கம்பியையும் விட்டுவைத்தால், பட்டை வழுக்கும், கம்பி சூடேறும்.

கடலோடிகளுக்குப் பாரடே நேரிலும் தொண்டு செய்தார் என்பதைப் பலர் அறியார். நம் மனத்தில் மிகுதியும் நிற்பது அதுவே. 1836 முதல் 1865 வரை, கலங்கரை விளக்கங்களை நிருவகித்த டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். எண்ணெய் விளக்கின் ஆவி கண்ணாடியில் படிந்து ஒளியை மங்கச் செய்வதைக் கண்டு, அதனை வெளியேற்றும் புகைபோக்கியை அமைத்தார். 1858 இல் டோவர் அருகே சவுத் போர்லண்டு கலங்கரை விளக்கத்தில், நீராவியால் சுழலும் காந்த மின்னாக்கி கொண்டு மின்னொளி ஏற்றினர். அவர் 1831 இல் கண்ட உண்மையே அங்கு ஒளியாய் நின்றது. 1860 பிப்ரவரியில் அதனைச் சோதிக்கச் சென்றபோது, பனி மூடிப் பாதை அடைபட்டிருந்தது. 68 வயது முதியவர் வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து, வயல்வழியே நடந்து அங்குச் சேர்ந்தார்.

சிறுவர்களுக்காக அவர் ஆற்றிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் புகழ்பெற்றவை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்தார். நினைவாற்றல் குன்றிய முதுமையில், அரசியார் விக்டோரியா அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் வாழ்ந்து, 1867 ஆகஸ்டு 25 ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டிலுள்ள அவருடைய கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.