ராஜாஜி

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியல்வாதி ஆவார். ராஜாஜி என்று பரவலாக அறியப்படும் இவர் விடுதலை இந்தியாவின் தலைமை ஆளுநர் பதவியை வகித்த ஒரே இந்தியர். சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தவரும் இவரே. பொருளாதாரத்தில் அரசின் தலையீட்டைக் கடுமையாக எதிர்த்த இவர், ஒழுக்கம், மொழி, கல்வி ஆகியவற்றில் அரசின் அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்தியவர் என்பதால் இன்றும் விவாதிக்கப்படுகிறார்.

இளமை

அன்றைய சேலம் மாவட்டத்தில் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தை அவ்வூர் முன்சீப். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1900 அளவில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிகுந்த தொழிலைக் கைவிட்டுச் சிறை சென்றார். 1925 இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியன அதன் பணிகள். 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் மேற்கொண்டு கைதானார்.

சென்னை மாகாணப் பிரதமர்

1937 சூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள், சாராய வருவாய் அன்றைய மாகாண நிதியின் முக்கியத் தூண்களுள் ஒன்று. அவ்விழப்பை ஈடுகட்ட 1939 இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் வரிச்சுமையை ஓயாமல் சாடியவர் இத்தகைய வரிக்கு வழிகாட்டியவர் என்பது குறிப்பிடத்தக்கது. கடனில் மூழ்கிய உழவர்களுக்கான நிவாரணச் சட்டம், கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளித்த சட்டம் ஆகியனவும் இக்காலத்தவை.

1938 இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கைதாயினர். சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகியோர் 1939 இல் உயிரிழந்தனர். ராஜாஜி பதவி விலகிய பின் 1940 இல் ஆளுநர் அவ்வாணையை நீக்கினார்.

மீண்டும் சென்னையில்

தலைமை ஆளுநராகவும் (1948-1950) நடுவண் உள்துறை அமைச்சராகவும் இருந்தபின், 1952 இல் தேர்தலில் போட்டியிடாமலேயே மேலவைக்கு நியமிக்கப்பட்டுச் சென்னை மாநில முதலமைச்சரானார். இம்முறை நியமனம் அப்போதே கண்டனத்திற்கு உள்ளானது. அவ்வாண்டு சூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் நீக்கினார். விலை கட்டுமீறும், வணிகர் பதுக்குவர் என்று பலர் அஞ்சினர். ஆயினும் அவரது ஆட்சிக்காலத்தில் பங்கீட்டை மீண்டும் கொண்டுவர வேண்டிய நிலை எழவில்லை. அரசு விலகி நின்றால் சந்தை இயங்கும் என்ற அவரது பிற்கால நிலைப்பாட்டிற்கு இது செயல்முறைச் சான்றாக அமைந்தது எனலாம். எனினும் அவரே வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கு ஒதுக்கவேண்டும் என்று நடுவண் அரசை வலியுறுத்தியதையும் மறத்தலாகாது.

1953 இல் சட்டமன்றத்தைக் கலந்தாலோசிக்காமல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவரது பதவியைப் பறித்தது. ஊர்ப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். இருக்கும் பள்ளிகளிலேயே கூடுதல் மாணவர்களைச் சேர்ப்பது நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் தந்தையின் தொழில் சாதியோடு பிணைந்திருந்த சமூகத்தில் அது சாதியை நிலைநிறுத்தும் என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் காங்கிரசாருள் பலரும் எதிர்த்தனர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே நிலைத்தது. 1954 இல் ராஜாஜி விலக, அடுத்து வந்த காமராசர் அதனைக் கைவிட்டார்.

சுதந்திராக் கட்சி

1959 சனவரியில் நாக்பூர் காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. நிலம் உழவரின் கையைவிட்டுப் போகும் என்று கருதிய ராஜாஜி, என். ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோருடன் அவ்வாண்டே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 80. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் அனுமதி தேவைப்பட்ட முறையை உரிம, அனுமதி, ஒதுக்கீட்டு ஆட்சி எனப் பெயரிட்டு எதிர்த்தார். அனுமதி வழங்கும் அதிகாரம் ஊழலையும் ஆளுங்கட்சியின் தேர்தல் நிதியையும் வளர்க்கும் என்பது அவர் வாதம். அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்டவற்றில் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்கக் கட்சி இடமளித்தது. மன்னர்கள், நிலக்கிழார்கள், தொழிலதிபர்கள் மிகுந்திருந்ததால் பணக்காரர் கட்சி என்ற பெயரும் அதற்கு உண்டு.

மக்களவையில் 1962 இல் 18 இடங்களையும் 1967 இல் 44 இடங்களையும் வென்று, பின்னதில் மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. முன்பு இந்தியைத் திணித்தவர் இப்போது அதன் ஆட்சிமொழித் தகுதியை எதிர்த்து, 1967 இல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தார். ஆனால் 1971 இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, 92 வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்துக் கைவிடக் கோரினார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி 8 இடங்களே பெற்றது.

1972 டிசம்பர் 25 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். 1974 இல் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் இணைந்தது.

இலக்கியம்

எளிய தமிழில் மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் என்ற இராமாயண நூலுக்கு 1958 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.